1,000 ரூபாய் சர்டிபிகேட்டா, 56,640 ரூபாய் சர்டிபிகேட்டா?

"சார், ஒரு மேனேஜ்மென்ட் சர்டிபிகேட் இருந்தா உங்க ப்ரொஃபைலே மாறிடும். இன்னைக்கே சேர்ந்தா நோ காஸ்ட் இஎம்ஐ."

இந்த போன் கால் உங்களுக்கும் வந்திருக்கும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம் எனக்கு வந்தது. சேர்ந்துட்டேன்.

கட்டணம் 48,000. பேசும்போது வாயே திறக்காத 18% ஜிஎஸ்டி 8,640. மொத்தம் 56,640, மாசம் 4,720 வீதம் 12 மாசம். மூணாவது வாரமே ஆபீஸ் வேலை நெருக்கினதுல கிளாஸை விட்டுட்டேன். இஎம்ஐ மட்டும் நிக்கல. ஏன்னா நான் ஓகே கொடுத்தது கோர்ஸுக்கு மட்டும் இல்ல, பின்னாடி இருந்த ஒரு நிதி நிறுவனத்தின் கடனுக்கும் சேர்த்துதான். பயிற்சி நிறுவனத்துக்குப் பணம் முதல்லயே போயிடும். நீங்க படிச்சாலும் படிக்காட்டியும் பாக்கி உங்க பேர்ல. தவணை தவறினா சிபில் ஸ்கோர் அடிவாங்கும். ஓடிபி சொல்றதுக்கு முன்னாடி கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்டைக் கேட்டு வாங்குங்க. டிஜிட்டல் கடன்னா அதைக் கொடுத்தே ஆகணும்னு ரிசர்வ் வங்கி விதி இருக்கு.

அடிப்படை மட்டும் போதும்னா என்பிடெல் பக்கம் போங்க. ஐ.ஐ.டி.களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்ஸியும் சேர்ந்து நடத்துறது. மேனேஜ்மென்ட், மார்க்கெட்டிங் பாடங்கள் 4, 8, 12 வாரக் கணக்கில் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். படிக்கக் காசு கிடையாது. சர்டிபிகேட் வேணும்னா தேர்வுக் கட்டணம் ஒரு பாடத்துக்கு 1,000 ரூபாய். வாராந்திர அசைன்மென்ட்டுக்கு 25, நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75 மார்க். அசைன்மென்ட்டில் 10, தேர்வில் 30 எடுத்தாதான் பாஸ். வீட்டிலிருந்தே கூகுள் பண்ணி எழுதுற தேர்வு இல்லைங்கிறதால, அந்தப் பேப்பருக்குக் கொஞ்சம் மதிப்பு இருக்கு.

கொஞ்சம்தான். இது எம்பிஏ இல்ல. இதைக் காட்டினதும் எந்த ஹெச்ஆரும் சம்பளத்தை ஏத்த மாட்டாங்க. உள்ளே கத்துக்கிற விஷயம்தான் வேலைக்கு ஆகும். ஒரு கணக்கு பாருங்க. 100 ரூபாய்க்கு விக்கிற பொருள், அதுக்கு ஆகிற செலவு 60. மாச வாடகை, சம்பளம் எல்லாம் சேர்த்து 2 லட்சம். ஒரு பொருளுக்கு 40 மிஞ்சுது, அப்போ 5,000 வித்தா முதலுக்கு மோசமில்ல. இப்போ சேல்ஸ் டீம் 10% தள்ளுபடி கேக்குறாங்க. மிஞ்சுறது 30 ஆகிடும், 6,667 விக்கணும். பத்து சதவீதம்தானேன்னு நினைச்சது, மூணில் ஒரு பங்கு கூடுதல் விற்பனையைக் கேக்குது! மீட்டிங்கில் இதைச் சொல்றவரைத்தான் மேனேஜர் திரும்பிப் பார்ப்பார். சப்போர்ட், டெஸ்டிங்னு வேற டிபார்ட்மென்ட்ல இருந்தாலும் இது உதவும்.

வரிச் சலுகை கிடைக்கும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. பழைய வரி முறையிலும் கல்விக் கட்டணக் கழிவு பிள்ளைங்க படிப்புக்குத்தான், உங்க படிப்புக்கு இல்ல.

சில கம்பெனிகள் இந்தத் தேர்வுக் கட்டணத்தைத் திருப்பித் தருவாங்க. பணம் கட்டுறதுக்கு முன்னாடியே ஹெச்ஆர்கிட்ட மெயிலில் கேட்டு, பதிலையும் மெயிலிலேயே வாங்கி வைங்க. அப்படியே தேர்வுத் தேதி உங்க மாசக் கடைசி க்ளோஸிங்கோட மோதுதான்னும் ஒரு தடவை பாத்துடுங்க.