வரையும் நிரல் – 9: ஆறு எண்களில் இல்லாத விரல்

போன வாரம் வட்டம், கோடு, எழுத்து மூன்றையும் எஸ்விஜி கோப்பில் எழுதிப் பார்த்தோம். கிட்டார் கார்ட் படத்துக்கு அந்த மூன்றே போதும். கிட்டாரை நிமிர்த்தி வைத்து எதிரே நின்று பார்ப்பதுபோல் அந்தப் படம் இருக்கும்: செங்குத்தாக ஆறு கம்பிகள், குறுக்கே ஃப்ரெட் கோடுகள், உச்சியில் தடித்த கோடாக நட். இடது ஓரத்தில் கனமான ஈ கம்பி. விரல் பதியும் இடத்தில் கரும்புள்ளி. அழுத்தாமல் மீட்டும் கம்பியின் தலைமேல் சிறு வட்டம். மீட்டக் கூடாத கம்பிக்குப் பெருக்கல் குறி.

வாசிக்கிறவர்கள் இதையே ஆறு குறிகளில் சுருக்கிவிடுவார்கள். சி மேஜர் என்றால் ×32010. நம் நிரலுக்குள் போவது இது, வெளியே வருவது படம்.

கணக்கு எளிது. கம்பிகளுக்கு இடையே 20 அலகு, ஃப்ரெட்டுகளுக்கு இடையே 25, நட் இருக்கும் உயரம் 40 என்று வைத்துக்கொள்வோம். இடக்கோடிக் கம்பிக்கு எண் 0. கம்பி எண்ணை 20-ஆல் பெருக்கி 20 கூட்டினால் அதன் இடம் கிடைக்கும். புள்ளி ஃப்ரெட் கோட்டின் மேல் விழக் கூடாது, இரண்டு கோடுகளுக்கு நடுவே விழ வேண்டும். அதனால் ஃப்ரெட் எண்ணில் அரையைக் கழித்து, 25-ஆல் பெருக்கி, 40 கூட்டுகிறோம். சி மேஜரில் ஏ கம்பியின் மூன்றாம் ஃப்ரெட் புள்ளி (40, 102.5)-இல் போய் உட்காரும்.

நிஜக் கிட்டாரில் ஃப்ரெட்டுகள் சம இடைவெளியில் இல்லை. 648 மி.மீ. கம்பி நீளம் என்றால் முதல் ஃப்ரெட் நட்டிலிருந்து சுமார் 36 மி.மீ.; பன்னிரண்டாவது, சரிபாதியான 324-இல். அதையும் படத்தில் கொண்டுவர ஆசைப்படாதீர்கள். வாசிப்பவர் ஃப்ரெட்டை எண்ணுகிறார், அளப்பதில்லை.

கழுத்தில் மேலே ஏறினால் சிக்கல் ஒன்று வரும். பத்தாம் ஃப்ரெட்டில் பிடிக்கும் டி மேஜரை ஒட்டி எழுதினால் 101212111010. இதை எங்கே வெட்டுவது? நடுவே கோடு போட்டு 10-12-12-11-10-10 என்றே வாங்குங்கள். மிகப் பெரிய எண் 4-ஐத் தாண்டினால் நட்டை விட்டுவிட்டு, மிகச் சிறிய ஃப்ரெட்டிலிருந்து வரைந்து, ஓரத்தில் 10 என்று எழுத வேண்டும். மிகச் சிறியதைத் தேடும்போது 0-வையும் பெருக்கல் குறியையும் விலக்கிவிடுங்கள்.

உண்மையான தலைவலி எஃப் கார்டில் இருக்கிறது. கற்றுக்கொள்கிறவருக்கும் அப்படித்தான், நிரல் எழுதுகிறவருக்கும் அப்படித்தான். 133211: ஆள்காட்டி விரல் முதல் ஃப்ரெட்டில் ஆறு கம்பிகளையும் சேர்த்து அழுத்துகிறது. படத்தில் அது ஒரு பட்டை. ‘மிகச் சிறிய ஃப்ரெட் ஒன்றுக்கு மேற்பட்ட கம்பிகளில் வந்தால் பட்டை போடு’ என்று விதி எழுதத் தோன்றும். எஃப் சரியாக வரும். அதே விதியை டி மேஜருக்கு, ××0232-க்குக் கொடுத்தால் ஜி கம்பியிலிருந்து கடைசிக் கம்பிவரை ஒரு பட்டையை இழுத்துவிடும். பெரும்பாலோர் அதை மூன்று தனி விரல்களால்தான் பிடிக்கிறார்கள். ஏ மேஜர் இன்னும் மோசம். ×02220-ஐ மூன்று விரல்களாலும் பிடிக்கலாம், ஒரே விரலைப் படுக்கவைத்தும் பிடிக்கலாம். இரண்டும் சரி. ஆறு எண்களில் இதற்கு விடையே இல்லை.

இல்லாததை ஊகிக்கும் விதிகளை அடுக்கிக்கொண்டே போவதைவிட, கேட்டு வாங்குவது மேல். கார்ட்புரோ கோப்பு வடிவத்தில் விரல்களைத் தனியே எழுத இடம் இருப்பதும் இதற்காகத்தான். ஆள்காட்டி 1, சுண்டுவிரல் 4 என்று இரண்டாவதாக ஒரு வரிசை: எஃப்புக்கு 134211, டி-க்கு ××0132. ஏ மேஜருக்கு ×01230 அல்லது ×01110, அவரவர் கை வழக்கம். ஒரே விரல் ஒரே ஃப்ரெட்டில் இரண்டு கம்பிகளுக்கு மேல் வந்தாலும் சரி, இரண்டில் வந்தாலும் சரி, பட்டை. விதி அவ்வளவுதான்.

சோதிக்கும்போது சி மேஜரை நம்பாதீர்கள். அதற்கு ஃப்ரெட் வரிசையும் ×32010, விரல் வரிசையும் ×32010. இரண்டையும் இடம் மாற்றிக் கொடுத்திருந்தாலும் படம் அழகாகவே வந்து நிற்கும்.

இடதுகைக்காரர்களுக்குக் கம்பி எண்ணை 5-லிருந்து கழித்தால் போதும். படத்தையே மொத்தமாகத் திருப்பிப் போடும் குறுக்குவழி எஸ்விஜியில் உண்டு; அதில் விரல் எண்களும் தலைப்பு எழுத்தும் சேர்ந்து இடவலமாகிவிடும். அந்த 5-ஐ நிரலில் நேரடியாக எழுதாமல் கம்பிகளின் எண்ணிக்கையிலிருந்து கணக்கிடுங்கள். அடுத்த வாரம் உகுலேலே, அதற்கு நாலே கம்பி.

(தொடரும்)