தொழிற்றளப் பழக்கமும் ஊழியரின் பற்றும்

நிறுவனக் கலாசாரம் என்றவுடன், சுவரில் சட்டம் போட்டு மாட்டிய நோக்கக் கூற்றையே பலர் நினைக்கின்றனர். கணக்கில் பிழை நேர்ந்தால் அது யார் தலையில் விழுகிறது, கூட்டத்தில் சாரதியும் காவலாளியும் எங்கே அமர்கின்றனர் என்பவையே உண்மையில் கலாசாரமாகும். அமெரிக்க அறிஞர் எட்கார் ஷைன் 1985இல் வெளியிட்ட நூலில் இதனை மூன்று அடுக்குகளாகக் காட்டினார். கண்ணுக்குப் புலப்படுபவை முதலாவது. வாயாற் சொல்லப்படும் விழுமியங்கள் இரண்டாவது. எவரும் சொல்லாமலே எல்லோரும் ஏற்றுக்கொண்டுள்ள எண்ணங்கள் மூன்றாவது. ஊழியரை அதிகம் ஆள்வது இம்மூன்றாவதே.

இதனை விளங்கிக்கொள்ள நாம் பெரிய ஆலைகளைத் தேடிச் செல்லவேண்டியதில்லை. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1990இல் போரோடு மூடப்பட்டது. நம் கிராமங்களிலுள்ள பனை தென்னைவளக் கூட்டுறவுச் சங்கங்களையே எடுத்துக்கொள்வோம்.

1970களின் தொடக்கம் வரை தவறணைகள் குத்தகைக்கு விடப்பட்டன. குத்தகைக்காரர் வைத்ததே விலை. தளநாரை மாட்டிக்கொண்டு காலையும் மாலையும் நெடும்பனை ஏறுபவருக்கு அதைப்பற்றிப் பேச இடமில்லை. சாதியும் சேர்ந்து அவரை அத்தொழிலில் கட்டிவைத்தது. 1972ஆம் ஆண்டளவில் கூட்டுறவு முறை வந்தது. மரம் அதே மரம், முட்டி அதே முட்டி, பாளைக்கத்தியும் அதே. ஆனால் சீவுபவர் இப்போது பங்குடைய அங்கத்தவர். பொதுக்கூட்டத்தில் அவருக்கும் ஒரு வாக்கு உண்டு. பின்னர் வடமராட்சியில் திக்கம் வடிசாலையும் எழுந்தது.

ஊழியர் ஒரு நிறுவனத்தில் நிலைத்திருப்பதற்கு மூன்று காரணங்களை 1991இல் மேயர், அலன் என்ற ஆய்வாளர் இருவர் வகுத்தனர். விரும்பி நிற்பது ஒன்று. விட்டால் இழப்பு என்பதால் நிற்பது மற்றொன்று. நிற்பது கடமை எனக் கருதி நிற்பது மூன்றாவது. குத்தகைக் காலத்தில் சீவல் தொழிலாளரைப் பிடித்துவைத்தது பெரும்பாலும் இரண்டாவதே என்பது எமது கருத்து. சங்கம் ஏனைய இரண்டுக்கும் வழி திறந்தது. வழி திறந்தது என்றுதான் சொல்கிறோம். நிர்வாக சபை அங்கத்தவரைக் கூலியாளாக நடத்தினால், அவர் நல்ல கள்ளை வெளியில் விற்று மிகுதியைச் சங்கத்துக்குக் கொண்டுவருவார். அதனைக் களவென்று கண்டிப்பது எளிது. அந்தச் சங்கம் தனதென்று அவர் எண்ணவில்லை என்பதற்கு அதுவே அடையாளம் என்பதைக் காண்பது அரிது.

மனநிறைவும் பற்றும் ஒன்றல்ல என்பதும் இங்கே தெளிவாகிறது. சங்கத்தில் பெருமை கொண்ட தொழிலாளியே தன் மகன் பனையேறக்கூடாது என்கிறார். விழுந்து முதுகெலும்பு முறிந்தவரை அவர் கண்டிருக்கிறார். தொழிலின் பேரில் ஏச்சும் கேட்டிருக்கிறார். சங்கத்தில் பற்றுண்டு, தொழிலில் நிறைவில்லை. இளைஞர் வராமற்போவதை அவர்களின் சோம்பல் என்பவர்கள் இதை எண்ணிப்பார்க்கட்டும்.

சம்பளம் குறைந்தால் மனக்குறை வரும், ஆனால் சம்பளம் மட்டும் மனநிறைவைத் தராது என்று ஹேர்ஸ்பேர்க் 1959இல் எழுதினார். அவர் ஆராய்ந்தது பொறியியலாளரையும் கணக்காளரையும். அன்றாடம் உழைத்துச் சாப்பிடுபவரிடம் இக்கோட்பாட்டைக் காட்டி வேதனத்தைக் குறைப்பது அநியாயமாகும்.

கிராமப் பணியாளர்களுக்கும் இது பொருந்தும். 2004இன் கடற்கோளுக்குப் பின்னரும், 2009இல் போர் முடிந்த பின்னரும் பல திட்டங்கள் வந்து முடிந்தன. சில மாத ஒப்பந்தத்தில் ஒரு பெண்பிள்ளையை வேலைக்கு அமர்த்தி, வீடு வீடாக அனுப்பி, அவர் எழுதிய அறிக்கையில் மேலதிகாரியின் பெயரை இட்டுவிட்டு, அர்ப்பணிப்பு இல்லை என்று அவரையே குறைசொல்வதில் நியாயமில்லை. ஒப்பந்தத்தை நீடிப்பது கொடையாளர் கையில் இருக்கலாம். அறிக்கையில் அவருடைய பெயரை எழுதுவதும், திட்டம் முடியும் திகதியை முன்கூட்டியே அவருக்குச் சொல்வதும், அவர் பழகிய குடும்பங்களிடம் விடைபெற ஒரு வாரம் ஒதுக்குவதும் எம் கையிலேயே உள்ளன.