கார் நின்ற இடத்தில் எண்ணெய்ச் சொட்டு... ‘கியர்பாக்ஸை இறக்கணும்’ என்றால் உடனே தலையாட்டலாமா?

ஆம்பூரில் வீட்டு வாசலிலிருந்து காரை எடுத்தபோதுதான் அப்பா கவனித்தார். தரையில் உள்ளங்கை அளவுக்கு எண்ணெய்க் கறை. முதலில் பார்த்த மெக்கானிக் குனிந்து எட்டிப் பார்த்துவிட்டு, “கியர்பாக்ஸை இறக்கணும் சார், ரெண்டு நாள் ஆகும்” என்றார். இரண்டாவது மெக்கானிக் சொன்னது வேறு: “முதல்ல நல்லா துடைச்சு, ஒரு ரவுண்டு ஓட்டிட்டுப் பார்ப்போம்.” துடைத்து, ஓட்டிப் பார்த்தபோது தெரிந்தது, கசிந்தது ஓர் ஆக்சில் ஆயில் சீல். கியர்பாக்ஸை இறக்காமலேயே அன்று மாலைக்குள் வேலை முடிந்தது.

வேலைக்காக வேலூர், ராணிப்பேட்டை, சில நாள் பெங்களூரு என்று தேசிய நெடுஞ்சாலை 48-ல் ஓடும் கார்கள் இந்தப் பக்கம் ஏராளம். மேனுவல் கியர்பாக்ஸ் கசிந்தால் என்ன பார்க்க வேண்டும், என்ன கேட்க வேண்டும்?

சொட்டுவது கியர் ஆயில்தானா?

ராத்திரி காரை நிறுத்தும்போது இன்ஜினுக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து வையுங்கள். ஆம்பூரில் ஷூ பெட்டி அட்டைக்கா பஞ்சம்! காலையில் எந்த இடத்தில், என்ன நிறத்தில் சொட்டியிருக்கிறது என்று பாருங்கள்.

* நிறமே இல்லாத தண்ணீர்: பெரும்பாலும் ஏசி தண்ணீர். கவலை வேண்டாம்.
* பச்சை, இளஞ்சிவப்பு மாதிரி நிறத்தில், தண்ணீர் போல இருந்தால்: கூலன்ட்.
* பழுப்பு அல்லது கறுப்பு: பெரும்பாலும் இன்ஜின் ஆயில். டிப் ஸ்டிக்கை எடுத்து அளவு குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.
* கொஞ்சம் கெட்டியாக, கந்தக நெடி குப்பென்று அடித்தால்: கியர் ஆயில். ஒருமுறை முகர்ந்தால் அந்த வாசனை மறக்காது.

கண்டுகொள்ளாமல் ஓட்டினால்?

இன்ஜின் ஆயில் அழுத்தம் குறைந்தால் சிவப்பு விளக்கு எரியும். கியர் ஆயில் குறைந்தால் சாதாரண கார்களில் எந்த விளக்கும் எரியாது. சிறிய கார்களின் கியர்பாக்ஸில் மொத்தமே சுமார் இரண்டு லிட்டர்தான் இருக்கும். அது குறையக் குறைய பேரிங்கும் பற்சக்கரங்களும் சூடாகித் தேயும். ‘ஊய்’ என்ற சத்தம் வரும், கியர் மாற்றுவது கடினமாகும். அதற்குப் பிறகும் ஓட்டினால் சில நூறு ரூபாய் சீலோடு முடிய வேண்டியது, கியர்பாக்ஸையே பிரிக்கிற செலவில் போய் நிற்கும்.

எங்கிருந்து கசிகிறது?

எண்ணெய் கீழே வழியும், ஓடும்போது காற்றில் பின்னாலும் பரவும். அதனால் சொட்டுகிற இடமும் கசிகிற இடமும் ஒன்றாக இருக்காது. நன்றாகத் துடைத்து, 20–30 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, ஈரம் தெரியும் இடங்களில் எது மிக மேலே இருக்கிறது என்று தேட வேண்டும். முன் சக்கரத்தால் ஓடும் கார்களில் பார்க்க வேண்டிய இடங்கள் இவை:

1. ஆக்சில் ஆயில் சீல்: ஆக்சில் கியர்பாக்ஸுக்குள் நுழையும் இடம். அடிக்கடி கசிவது இதுதான். ஆக்சிலைக் கழற்றினால் போதும், கியர்பாக்ஸை இறக்க வேண்டியதில்லை.

2. ட்ரெய்ன் பிளக்: பழைய வாஷரையே திரும்பப் போட்டால் கசியும். புது வாஷர் போடுங்கள். அதற்காக அளவுக்கு மீறி முறுக்கினால் அலுமினிய மரை போய்விடும்.

3. கியர் ராடு சீல், ரிவர்ஸ் சுவிட்ச், ஸ்பீடு சென்சாரின் ஓ-ரிங்: பெரும்பாலும் வெளியிலிருந்தே மாற்றிவிடலாம்.

4. பிரீதர்: கியர்பாக்ஸ் மூச்சு விடும் சின்னத் துளை. மண் அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடி, நல்ல சீல் வழியாகவும் எண்ணெய் வெளியேறும். ஆயிலை அதிகமாக ஊற்றியிருந்தாலும் கசியலாம்.

5. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடிப்பகுதி: இங்கே சொட்டினால் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் சீல் போயிருக்கலாம், இன்ஜினின் பின்பக்க கிராங்க் சீலும் போயிருக்கலாம். நெடியும் டிப் ஸ்டிக்கும்தான் வித்தியாசத்தைச் சொல்லும். எதுவானாலும் கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். இறக்கும்போதே இரண்டு சீல்களையும், கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங்கையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். அதே வேலைக்கு இரண்டாவது முறை கூலி கொடுக்க வேண்டாமே.

மெக்கானிக்கிடம் என்ன கேட்கலாம்?

“எந்த சீல் போயிருக்கு? துடைச்சுப் பார்த்தீங்களா? எனக்குக் காட்ட முடியுமா?” இந்த மூன்றும் போதும். புது சீல் போடும்போது ஆக்சிலில் கோடு விழுந்திருக்கிறதா, பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அவை சரியில்லையென்றால் புது சீலும் சீக்கிரம் கசியும். லீக்கை நிறுத்தும் என்று விற்கும் திரவங்கள் சில நேரம் கசிவைக் குறைக்கலாம். கிழிந்த சீலை அவை ஒட்டாது.

எந்த ஆயில் என்பதற்கு காரின் கையேடுதான் தீர்ப்பு. 75டபிள்யூ-80, ஜிஎல்-4 என்று போட்டிருந்தால் அதையேதான் ஊற்ற வேண்டும். ‘ஜிஎல்-5 இன்னும் நல்லது சார்’ என்பதை நம்ப வேண்டாம். அதிலுள்ள சேர்மானம் பித்தளை சிங்க்ரோ வளையங்களுக்கு ஒத்துவராமல் போகலாம்.

நீங்களே மாற்றுவதாக இருந்தால் இரண்டு விஷயம். பழைய ஆயிலை இறக்கும் முன், ஊற்றுகிற பிளக் கழல்கிறதா என்று பாருங்கள். இறக்கிய பிறகு அது கழலாவிட்டால் கார் நகராது. ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் போகவே கூடாது, ஸ்டாண்டு கட்டாயம். பல கார்களில் சமதரையில் கார் நிற்க, ஊற்றும் துளையின் கீழ் விளிம்பு வரை எண்ணெய் நின்றால் அளவு சரி.

ஆயில் சீலுக்கும் தோலுக்கும் என்ன சம்பந்தம்?

இன்று ஆயில் சீல் என்றால் ரப்பர். ஆரம்பத்தில் அது தோல்! ஜெர்மனியின் வைன்ஹைம் நகரில் 1849-ல் தோல் பதனிடும் ஆலையாகத் தொடங்கியது ஃப்ராய்டன்பெர்க் நிறுவனம். பொருளாதார நெருக்கடிக் காலமான 1929-ல் அது தோலில் சீல்கள் செய்யத் தொடங்கியது. 1932-ல் சுழலும் ஷாஃப்டுக்கான ‘சிம்மர்ரிங்’ வந்தது. 1936-ல் அது செயற்கை ரப்பருக்கு மாறியது. தோலை விட ரப்பர் சூட்டைத் தாங்கும். ஆனாலும் வருடக்கணக்கில் சூடுபட்டால் அதுவும் இறுகி வெடிக்கும். உங்கள் கார் சொட்டுவதற்கு அதுதான் முக்கியக் காரணம்.

கடைசியாக, பழைய ஆயில்

தோல் கழிவால் பாலாறு பட்ட பாட்டை வைத்துத்தான் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பைத் தந்தது. பயன்படுத்திய எண்ணெய் 2016 விதிகளின்படி அபாயகரக் கழிவு. இறக்கிய ஆயிலை சாக்கடையில் கொட்டாமல், ஒரு கேனில் பிடித்து, சேகரித்து அனுப்பும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

முதல் வேலையாக இன்று ராத்திரி காருக்கு அடியில் ஓர் அட்டையைப் போட்டுப் பாருங்கள்.