சருமப் பூச்சும் காப்புப் பொருளும்

பெரியபட்டினத்துக் கடற்கரையில் பாசித் தொழில் செய்யும் நம் சகோதரிகளின் கைகளைக் கண்டவர்க்குச் சருமத்தின் அருமை தெரியும். உப்புநீரில் ஊறியும் கயிற்றில் உராய்ந்தும் அக்கைகள் வெடித்துப் போகின்றன. பரமக்குடியிலும் எமனேசுவரத்திலும் சாயம் தோய்க்கும் நெசவாளர் கைகளும் அவ்வாறே. மாலையில் கடைக் களிம்பைத் தடவிக்கொள்வது இன்று வழக்கமாகிவிட்டது. அக்களிம்பிலுள்ள இரசாயனங்கள் தேகத்துக்குக் கேடு என்றும், இரசாயனமே கலவாத பாசிக் களிம்பை நாமே செய்து விற்கலாம் என்றும் அங்கத்தினரிடையே பேச்சு எழுகிறது. இவ்விரண்டையும் சற்று ஆராய்வோம்.

களிம்பு என்பது பெரும்பாலும் நீரும் எண்ணெயும் கலந்த கலவையே. நீர் உள்ள இடத்தில் கிருமியும் பூஞ்சணமும் வளரும். மண்ணெண்ணெய்க்கு இல்லாத கவலை மாவுக்கு உண்டு. உலர்ந்த மாவுக்கு இல்லாத கவலை கரைத்த மாவுக்கு உண்டு. இதைத் தடுக்கவே காப்புப் பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. அவை செயலிழந்தால் விளைவு சிறிதன்று. 1970-களில் அமெரிக்காவில், கிருமி படிந்த கண்மை காரணமாகக் கருவிழி புண்பட்டவர்கள் உண்டு.

நம் பாசிக்கும் இதற்கும் ஒரு தொடர்பு உண்டு. கஞ்சிப்பாசியிலிருந்தும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் அகர் எடுக்கப்படுகிறது. 1880-களின் தொடக்கத்தில், ஜெர்மனியில் இராபர்ட் கோக் என்ற அறிஞரின் ஆய்வுக்கூடத்தில், ஃபேனி ஹெஸ்ஸே என்ற அம்மையாரின் யோசனைப்படி, கிருமிகளை வளர்க்க அகர்க் கூழ் பயன்படலாயிற்று. அகரைப் பெரும்பாலான கிருமிகள் உண்பதில்லை. அதனுடன் கலந்த சத்துநீரை உண்டு பெருகுகின்றன. ஆய்வுக்கூடங்களில் இன்றும் அம்முறையே வழங்குகிறது. எனவே, கற்றாழையும் பன்னீரும் கலந்த பாசிக் கூழைக் காப்பின்றிப் புட்டியில் அடைத்தால், கிருமிகளுக்கு விருந்து வைத்ததாகவே முடியும்.

ஆயினும், காப்புப் பொருள் பற்றிய அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. பாரபென் என்ற இனம் உடலில் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மைச் சுரப்பைப் போல மிகச் சிறிதளவு இயங்கக் கூடியது. 2004-இல் இங்கிலாந்தில் மார்பகக் கட்டிகளில் இது காணப்பட்டதாக ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆனால் கட்டியை உண்டாக்கியது அதுவே என்று அவ்வாய்வு நிறுவவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் ஐந்து பாரபென்களை விலக்கி, வேறு சிலவற்றுக்கு அளவு விதித்தது.

ஒவ்வாமையே அன்றாடம் காணும் தீங்காகும். மெத்தில் ஐசோதையசோலினோன் என்ற பொருளால் தோல் அரிப்பும் கொப்புளமும் பலருக்கு உண்டாயின. ஆதலால், கழுவாமல் சருமத்தில் விட்டுவிடும் பூச்சுகளில் அதைச் சேர்க்க ஐரோப்பாவில் 2017 முதல் தடை உள்ளது. டி.எம்.டி.எம். ஹைடன்டாயின், குவாட்டர்னியம்-15 ஆகியவை சிறுகச் சிறுக ஃபார்மால்டிஹைடை வெளிவிடுவன. அதுவும் ஒவ்வாமை தருவதே. வெடித்த தோலின் வழியே இத்தகைய பொருள்கள் எளிதில் உட்புகும். ஒருமுறை ஒவ்வாமை பற்றிக்கொண்டால் பெரும்பாலும் ஆயுள் முழுதும் நீங்காது. கையே முதலாக உழைக்கும் நமக்கு இது பிழைப்பைத் தொடும் விஷயமன்றோ?

சீட்டில் அச்சிட்ட பொருளைவிட, அச்சிடாத பொருள் பெரிதும் அஞ்சத்தக்கது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் 2021 முதல் 2023 வரை ஒருவகைச் சிறுநீரக நோய் கண்ட 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் 15 பேருக்கு ஓர் அரிய வகை இருந்தது. அந்தப் பதினைவரில் 13 பேர் சிவப்பழகுக் களிம்பு பூசியவர்கள். ஐயத்துக்குரியது காப்புப் பொருளன்று. நிறம் வெளுக்கச் சேர்க்கப்படும் பாதரசமே. நம் நாட்டின் 2020-ஆம் ஆண்டு ஒப்பனைப் பொருள் விதிகளின்படி, கண் பூச்சில் மட்டுமே காப்புக்காகப் பாதரசம் பத்து லட்சத்தில் 70 பங்கு வரை இருக்கலாம். மற்றவற்றில் தற்செயலாகக்கூட 1 பங்குக்கு மேல் இருத்தலாகாது.

ஆகவே அங்கத்தினர் கவனிக்க வேண்டியவை சில. தயாரித்தவர் முகவரியும், உரிம எண்ணும், பொருள்களின் பட்டியலும் இல்லாத களிம்பை வாங்கலாகாது. பட்டியலைப் பள்ளி செல்லும் பிள்ளைகளைக் கொண்டு படிக்கச் செய்து, மேற்கூறிய பெயர்கள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். புதிய களிம்பை முழங்கையின் உட்புறத்தில் ஏழு நாள் சிறிது தடவிப் பார்த்து, அரிப்பு இல்லையெனில் பயன்படுத்தலாம். அரிப்பு கண்டால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் காட்டுக.

விற்பனைக்குச் செய்ய விரும்புவோர் முதலில் உரிமம் பெற வேண்டும். அடுத்து, நீர் கலவாத சரக்கையே தேர்ந்தெடுப்பது நலம். சந்தனக்கூட்டுக்குப் பெயர்பெற்ற பெரியபட்டினத்தில் இதை விளக்க வேண்டுவதில்லை. நம் முன்னோர் சந்தனத்தைக் கட்டையாகவே வைத்திருந்து, வேண்டும்போது இழைத்துப் பூசினர். கெடுவதற்கு அங்கே இடமில்லை. அதுபோல நன்கு உலர்த்திய பாசித்தூள், கட்டிச் சோப்பு, தேன்மெழுகும் தேங்காய் எண்ணெயும் உருக்கிச் செய்த கைப்பூச்சு ஆகியவற்றை, ஈரம் படாமல் காத்தால், அவ்வளவு காப்பின்றியே வைத்திருக்கலாம். கூழாகவோ நீர்க்களிம்பாகவோ செய்வதாயின், தகுதி பெற்ற இரசாயனரின் யோசனைப்படி அனுமதிக்கப்பட்ட காப்புப் பொருளை அளவோடு சேர்த்து, பரிசோதனைக்கு அனுப்பிய பிறகே விற்க வேண்டும்.

“இரசாயனம் இல்லை” என்று அச்சிடுவது எளிது. ஒரு புட்டி கெட்டு ஒருவர் முகம் புண்பட்டால், பங்குத் தொகையோடு சங்கத்தின் நற்பெயரும் போய்விடும். உள்ளதை உள்ளபடி சீட்டில் எழுதி விற்பதே கூட்டுறவுக்கு அழகு.