திருகாணியும் கையொப்பமும்

1990-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 10-ஆம் தேதி காலை, இங்கிலாந்து தேசத்துப் பர்மிங்ஹாம் நகரிலிருந்து ஸ்பெயினிலுள்ள மலாகாவுக்கு 81 பிரயாணிகளுடன் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானமொன்று ஏறத்தாழ 17,000 அடி உயரத்தை எட்டிய வேளையில், விமானியின் எதிரே இருந்த கண்ணாடி பெயர்ந்து பறந்துவிட்டது. வெளியே பாய்ந்த காற்று காப்டனை ஆசனத்திலிருந்து இழுத்து, பாதி உடல் வெளியே கிடக்கும்படி செய்துவிட, சிப்பந்திகள் அவருடைய கால்களை விடாமல் பற்றியிருக்க, துணை விமானி சௌதாம்ப்டன் நிலையத்தில் விமானத்தை இறக்கினார். காப்டன் உட்பட யாவரும் உயிர் பிழைத்தனர்.

விசாரணையில் வெளிவந்த காரணம் சிந்தனைக்குரியது. அக்கண்ணாடி, புறப்பாட்டுக்குச் சுமார் 27 மணி நேரத்துக்கு முன்னர்தான் மாற்றிப் பொருத்தப்பட்டது; அதைத் தாங்கிய 90 திருகாணிகளில் 84, இருக்க வேண்டிய பருமனைவிட ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே மெலிந்திருந்தன. இரவு வேளையில், பழைய ஆணியோடு புதியதைக் கண்ணளவில் ஒத்துப் பார்த்து அவற்றை எடுத்தவர் விமானப் பராமரிப்பில் நீண்ட அனுபவமுள்ளவர். அந்த அனுபவம் தந்த தைரியமே அவரை உதிரிப்பாகப் பட்டியலின் எண்ணைவிடத் தம் கண்ணை அதிகமாக நம்ப வைத்தது.

விமானப் பராமரிப்புக் கல்வியில் ‘ஹியூமன் ஃபேக்டர்ஸ்’, அதாவது மனித இயல்பினால் நேரும் பிழைகளைப் பற்றிய பாடம், கட்டாயமாக இடம் பெறுவதன் அவசியத்தை இச்சம்பவம் ஒன்றே விளக்கும். களைப்பு, அவசரம், மேலதிகாரியின் நிர்ப்பந்தம், ‘எப்போதும் இப்படித்தானே செய்கிறோம்’ என்ற வழக்கம் ஆகியவை தேர்ந்த தொழிலாளியையும் எவ்வாறு தடுமாற வைக்கின்றன என்பதை, உலோகங்களின் குணத்தைக் கற்பது போலவே மாணவன் கற்றாக வேண்டும்.

நம் நாட்டில் இத்தொழிலுக்குரிய லைசென்ஸை வழங்குவது டி.ஜி.சி.ஏ. என்னும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம். மேல்நிலைப் பள்ளியில் பௌதிகம், ரசாயனம், கணிதம் ஆகியவற்றைப் பயின்றவர்கள் அதன் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையங்களில் சேரலாம். எஞ்சினையும் உடற்கூட்டையும் இறக்கைகளையும் கவனிப்பவர்களுக்கு பி-1 என்றும், மின்சார, மின்னணு, ரேடியோ சாதனங்களைக் கவனிப்பவர்களுக்கு பி-2 என்றும் பிரிவுகள் உண்டு. இவ்விரு பிரிவுகளிலும் பயிற்சி பெரும்பாலும் 2,400 மணி நேரம் நடைபெறுவது. அதில் கணிசமான பகுதி பட்டறையில் கழிகிறது. ஒவ்வொரு பாடப் பகுதியிலும் தேர்ச்சி பெற 75 சதவீத மதிப்பெண் வேண்டும். ஏனைய பரீட்சைகளில் 35 மதிப்பெண்ணுக்குப் பழகிய நம் பிள்ளைகள் முதலில் திகைப்பது இங்கேதான்.

பட்டறையில் தொடக்கப் பாடம் அரம் பிடிப்பதாகும். உலோகத் துண்டொன்றைச் சொன்ன அளவுக்குச் சொன்ன கோணத்தில் அராவிக் கொண்டுவரும் வரையில் ஆசிரியர் விடுவதில்லை. பிறகு அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்து இணைப்பது, டார்க் ரென்ச்சினால் குறித்த விசைக்கு மட்டும் முடுக்குவது, ஆணி தளர முயன்றால் அதை இறுகும் திசையிலேயே இழுக்கும்படி பூட்டுக்கம்பியை முறுக்கிக் கட்டுவது என்று கை படிப்படியாகப் பழக்கப்படுகிறது. ஒவ்வொரு கருவிக்கும் பலகையில் அதன் உருவம் வரையப்பட்டிருக்கும். வேலை முடிந்ததும் உருவங்களில் ஒன்று வெறுமையாக இருந்தால், அக்கருவி கண்டுபிடிக்கப்படும் வரை விமானத்தின் மூடியைப் பூட்டலாகாது.

படிப்பு முடிந்ததும் கிடைக்கும் சான்றிதழ் லைசென்ஸ் அன்று என்பதைப் பெற்றோர்கள் தெளிவாக அறிந்திருத்தல் நலம். பரீட்சைகளில் தேறி, பறக்கும் நிலையிலுள்ள விமானங்களில் விதித்த காலம் வேலை பார்த்து அனுபவக் குறிப்பேட்டை நிரப்பிய பின்னரே லைசென்ஸ் வருகிறது. அதன் பிறகும், பெரிய விமானங்களுக்கு, இன்ன ரகம் என்று தனிப் பயிற்சி பெற்று அதைப் பதிவு செய்து கொண்டவரே, ‘இவ்விமானம் பறக்கத் தகுதியுடையது’ என்று கையொப்பமிடலாம். ஆதலால், பணம் கட்டுமுன் அந்த நிலையத்தின் பெயர் டி.ஜி.சி.ஏ. அங்கீகாரப் பட்டியலில் உள்ளதா, எந்தப் பிரிவுக்கு அங்கீகாரம் பெற்றது, செய்முறைக்கு மெய்யான விமானம் இருக்கிறதா என்பவற்றை நேரில் சென்று விசாரித்தல் வேண்டும்.

அக்கையொப்பத்தை நம்பியே நள்ளிரவு விமானத்தில் குழந்தையை மடியில் உறங்க வைத்துக்கொண்டு ஒரு தாய் பிரயாணம் செய்கிறாள். அதை இடும் உரிமையைப் பெறும் இளைஞனுக்குக் கைத்திறனும் கல்வியும் மட்டும் போதா. ‘எனக்குச் சந்தேகமாக இருக்கிறது, இன்னொரு முறை பார்க்கிறேன்’ என்று, விமானம் தாமதப்படுவதை அறிந்தும், சொல்லக்கூடிய நெஞ்சுரமும் வேண்டும். இந்தச் சுபாவம் உள்ள பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், அவனையோ அவளையோ தயங்காமல் இத்துறைக்கு அனுப்புங்கள்.