ஆவணக் காப்பகம்

வரலாறு எழுதப் புகுவோர் தம் விருப்பம்போல் எதையும் எழுதிவிட இயலாது. சொல்லும் செய்தி ஒவ்வொன்றுக்கும் சான்று காட்டுதல் வேண்டும். சோழர், பாண்டியர் காலத்தை அறிவதற்குக் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் சான்றாகின்றன. கடந்த முந்நூறு, நானூறு ஆண்டுகளின் வரலாற்றை அறிவதற்குத் தாளில் எழுதப்பெற்ற ஆவணங்களே பெருந்துணை புரிகின்றன. அரசின் ஆணைகள், அலுவலர் எழுதிய கடிதங்கள், வரவு செலவுக் கணக்குகள், குடிமக்கள் கொடுத்த விண்ணப்பங்கள், நிலப்படங்கள் முதலியவற்றை ஆவணங்கள் என்கிறோம். இவற்றைத் திரட்டி, ஒழுங்குபடுத்தி, அழியாமல் காத்து, வேண்டுவோர்க்கு எடுத்து வழங்கும் இடமே ஆவணக் காப்பகம் ஆகும்.

சென்னை எழும்பூரில் செந்நிறக் கட்டடம் ஒன்றில் இத்தகைய காப்பகம் அமைந்துள்ளது. செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் இருந்த பழைய ஏடுகளை வைப்பதற்கென்றே 1909ஆம் ஆண்டில் இக்கட்டடம் எழுந்தது. மதராஸ் ரிக்கார்டு ஆபீஸ் என முன்னர் வழங்கிய இந்நிலையம், 1973ஆம் ஆண்டில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் என்னும் பெயரைப் பெற்றது. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 17ஆம் நூற்றாண்டில் எழுதிய ஏடுகளும், ஒல்லாந்தர் தம் மொழியில் எழுதிவைத்த ஏடுகளும் இங்கு உள்ளன. இந்திய அரசின் ஆவணங்களுக்கெனக் கல்கத்தாவில் 1891ஆம் ஆண்டில் தோன்றிய நிலையம், பின்னர்த் தில்லிக்கு மாறி, இன்று தேசிய ஆவணக் காப்பகமாக விளங்குகிறது.

நூலகத்திற்கும் ஆவணக் காப்பகத்திற்கும் உள்ள வேறுபாட்டை முதலில் உணர்தல் வேண்டும். நூலகத்தில் நூல்கள் பொருள்வகையால் அடுக்கப்பட்டிருக்கும். வானநூல் ஓரிடத்திலும், மருத்துவநூல் மற்றோரிடத்திலும் இருக்கும். காப்பகத்தில் ஆவணங்கள் அவ்வாறு அடுக்கப்படுவதில்லை. எந்த அலுவலகத்தில் பிறந்தனவோ அந்த அலுவலகத்தின் பெயரால், எந்த முறையில் அங்கு வைக்கப்பட்டிருந்தனவோ அந்த முறையிலேயே அவை காக்கப்படுகின்றன. ஆகவே, ‘இப்பொருள்பற்றிய ஏடு எது?’ என்று கேட்டால் பயன் இல்லை. ‘இப்பொருள்பற்றி அக்காலத்தில் எந்த அலுவலகம் எழுதியிருக்கும்?’ என்று கேட்டல் வேண்டும். இவ்வொரு வினாவே காப்பகத்தின் கதவைத் திறக்கும் திறவுகோல் ஆகும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 1876ஆம் ஆண்டு முதல் 1878ஆம் ஆண்டு வரை சென்னை மாகாணத்தில் கொடிய பஞ்சம் நிலவியது. பல இலட்சம் மக்கள் மடிந்தனர். இப்பஞ்சத்தை ஆராய விரும்பும் ஒருவர் எங்கே தொடங்குவார்? சிற்றூரில் பயிர் கருகிய செய்தியைக் கிராமக் கணக்கர் தாசில்தாருக்கு அறிவிப்பார். தாசில்தார் கலெக்டருக்கும், கலெக்டர் வருவாய் வாரியத்திற்கும், வாரியம் மாகாண அரசுக்கும் எழுதும். அரசு கல்கத்தாவுக்கும் இலண்டனுக்கும் எழுதும். செய்தி ஏறிச்சென்ற இந்தப் படிகளை அறிந்தவர், மாவட்ட ஏடுகளையும், வருவாய் வாரிய நடவடிக்கைகளையும், அரசின் வருவாய்த் துறை நடவடிக்கைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக நாடுவார். ஓரிடத்தில் அழிந்த கடிதத்தின் படி மற்றோரிடத்தில் கிடைப்பதும் உண்டு. அக்காலத்தில் இலண்டனுக்கு அனுப்பப்பட்ட படிகள் பல இப்பொழுது அங்குள்ள பிரித்தானிய நூலகத்தில் இருக்கின்றன.

காப்பகத்திற்குச் செல்லும் ஆய்வாளர், தாம் ஆராயும் பொருளையும் அதன் காலத்தையும் குறிப்பிட்டு விண்ணப்பம் அளித்து இசைவு பெறுதல் வேண்டும். பல்கலைக்கழக மாணவராயின் பேராசிரியரின் பரிந்துரைக் கடிதத்தையும் இணைப்பது வழக்கம். அண்மைக்கால ஆவணங்கள் எல்லாம் உடனே பார்வைக்குக் கிடைப்பதில்லை. குறித்த ஆண்டுகள் கழிந்த பின்னரே அவை திறக்கப்படும். இசைவு பெற்றவர் அட்டவணைகளையும் பொருட்குறிப்பு அகரவரிசையையும் பார்த்து, துறையின் பெயர், ஆண்டு, நாள், எண் ஆகியவற்றைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால், பணியாளர் அவ்வேட்டைத் தேடி எடுத்துவந்து படிப்பறையில் தருவார்.

இவ்விடத்தில் ஒரு செய்தியை நினைவிற் கொள்ளுதல் நன்று. பழைய ஆங்கில அட்டவணைகளில் நம் ஊர்ப்பெயர்கள் உருமாறிக் கிடக்கின்றன. தஞ்சாவூர் ‘டாஞ்சூர்’ என்றும், திருநெல்வேலி ‘டின்னவெல்லி’ என்றும், திருச்சிராப்பள்ளி ‘டிரிச்சினாப்பொலி’ என்றும் இருக்கும். சிற்றூர்களின் பெயரோ எழுதுபவர்தோறும் வேறுபடும். ஒரு வடிவில் தேடிக் காணாதவர் வேறு வடிவிலும் தேடிப் பார்த்தல் வேண்டும்.

ஏட்டைக் கையாள்வதற்கும் முறை உண்டு. கை தூய்மையாக இருத்தல் வேண்டும். மைப்பேனாவை விலக்கிக் கரிக்கோலால் மட்டுமே குறிப்பு எடுத்தல் வேண்டும். ஒரு துளி மை சிந்தினாலும் அக்கறை நீங்காது. விரலில் எச்சில் தொட்டுத் தாளைப் புரட்டுவதும், ஏட்டின்மேல் கையூன்றி எழுதுவதும் ஆகா. எல்லாவற்றினும் இன்றியமையாதது, தாள்களின் வரிசையை மாற்றாதிருத்தலாகும். ஒரு தாளைத் தவறான கட்டில் செருகிவிட்டால், அது கட்டடத்தினுள்ளேயே இருந்தும் இல்லாததாகிவிடும். பின்வருபவர் அதனைத் தேடியும் காணமாட்டார்.

ஏடு கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்து, அதில் உள்ளதையெல்லாம் அப்படியே நம்பிவிடலாமா? கூடாது. ஆவணம் ஒரு சாட்சி. நீதிமன்றத்தில் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதுபோல, ஆவணத்தையும் வினவுதல் வேண்டும். இதனை எழுதியவர் யார்? யாருக்கு எழுதினார்? நேரிற் கண்டதை எழுதினாரா, பிறர் சொல்லக் கேட்டதை எழுதினாரா? எழுதியதனால் அவருக்கு ஆவது என்ன? இவ்வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே அதன் சொல்லை ஏற்றல் தகும்.

முன்கூறிய பஞ்சத்தின்போது, அரசப் பிரதிநிதியாகிய லிட்டன் பிரபு, ரிச்சர்டு டெம்பிள் என்பவரைச் சென்னை மாகாணத்திற்கு அனுப்பினார். செலவைச் சுருக்க முனைந்த டெம்பிள், பஞ்ச நிவாரண வேலை செய்வோர்க்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று 1877ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கூலியைக் குறைத்தார். அவருடைய எழுத்தை மட்டும் படிப்பவர், அதுவே போதிய உணவு என்று எண்ணக்கூடும். ஆனால், சென்னை மாகாணச் சுகாதார ஆணையராயிருந்த டாக்டர் கார்னிஷ், உழைக்கும் மனிதனுக்கு இவ்வுணவு போதாது என்று வன்மையாக மறுத்து எழுதினார். அவ்வாண்டிலேயே கூலி ஓரளவு உயர்த்தப்பட்டது. ஆணையும் மறுப்பும் ஒரே அரசின் ஏடுகளில் இடம்பெற்றுள்ளன. இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பவரே உண்மையை நெருங்குகிறார். மறுப்புத் தாள் மட்டும் செல்லரித்துப் போயிருப்பின், வரலாறு ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கும் அன்றோ?

இன்னும் ஒன்று உண்டு. டெம்பிளும் எழுதினார், கார்னிஷும் எழுதினார். பசித்தவர்கள் எழுதவில்லை. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி, பஞ்ச நிவாரண வேலையாக 1877, 1878ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்டது. அன்றைய ஆளுநரின் பெயரால் அக்கால்வாய் பக்கிங்காம் கால்வாய் எனப்பட்டது. மண் சுமந்தவர்களின் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை. அவர்களைக் காண விரும்புபவர், கூலிக் கணக்கிலும், இறப்பு எண்ணிக்கையிலும், தானிய விலைப் பட்டியலிலும், எவரோ ஒருவரைக்கொண்டு எழுதுவித்த விண்ணப்பத்திலும் தேடுதல் வேண்டும். வெறும் எண்களாகத் தோன்றும் வரிகளின் பின்னே மனிதர் நிற்கின்றனர் என்பதை மறவாதவரே நல்ல ஆய்வாளர்.

கண்ட செய்தியைக் குறிக்கும்போது, உள்ளதை உள்ளவாறே படியெடுத்து, துறை, ஆணை எண், நாள், ஏட்டின் எண் ஆகியவற்றை உடனே எழுதிக்கொள்ளுதல் வேண்டும். தம் கருத்தைத் தனியே எழுதுதல் வேண்டும். அப்பொழுதுதான், ஐயுறும் மற்றொருவர் அதே ஏட்டை எடுத்துப் பார்த்து உண்மையைத் தெளியமுடியும்.

தாளுக்குப் பகை பல. கறையானும் பூச்சியும் அதனைத் தின்கின்றன. ஈரக்காற்று அதனை நைந்துபோகச் செய்கிறது. இரும்புச் சத்துக் கலந்த பழைய மை, எழுத்து இருந்த இடத்தையே அரித்துத் துளையாக்கிவிடுகிறது. நைந்த தாளின்மேல் மெல்லிய தாளை ஒட்டி அதற்கு வலுவூட்டும் பணியைக் காப்பகத்தார் பொறுமையோடு செய்கின்றனர். இக்காலத்தில் ஏடுகளைப் படமெடுத்துக் கணினியில் சேர்த்துவைக்கும் முறையும் வந்துள்ளது. இதனால் மூல ஏட்டைத் தொடாமலே பலர் படிக்க இயலுகிறது. எனினும், படம் மங்கிய இடத்தில் ஐயம் தீர்ப்பது மூல ஏடேயாகும். ஆதலின் அதனைக் காத்தல் எக்காலத்தும் வேண்டும்.

அறையில் அடுக்கிய ஆவணம் தானாகப் பேசாது. முறையறிந்து தேடி, பொறுமையோடு படித்து, அஞ்சாது வினவுபவரிடமே அது பேசும். அரசு செய்த நன்மையையும் தீமையையும் பின்வரும் தலைமுறையினர் ஆராய்ந்து அறிவதற்கு அது ஒன்றே வழி. ஆதலால், பழைய தாள் ஒன்றைப் பேணி அதன் இடத்திலேயே மீண்டும் வைப்பவர், இனி வரப்போகும் ஒருவருக்கு உண்மையைக் காத்துத் தருபவர் ஆவார்.