ஒளிவாள் விளையாட்டாகுமா?

‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படத்தில் வரும் ஒளிவாளை ஏந்திப் போட்டியிடுவது விளையாட்டாகுமா? 2019-ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டு வாள்வீச்சுச் சம்மேளனம் அதனை அதிகாரபூர்வமாக அங்கீகரித்தபோது எழுந்த கேள்வி இது. திரைகளின் முன்னே முடங்கிக் கிடக்கும் இளையர்களை உடற்பயிற்சிக்கு இழுப்பதே அதன் நோக்கம்.

அன்று வகுத்த விதிகள் எளியவை. வட்டத்துக்குள் மூன்று நிமிடப் போட்டி. தலையிலோ உடலிலோ அடி பட்டால் 5 புள்ளிகள். கை, கால்களில் பட்டால் 3. முதலில் 15 புள்ளிகளை எட்டுபவருக்கு வெற்றி.

வாள்வீச்சு பழகியவர்களுக்கு ஐயத்தை எழுப்புவது இன்னொரு விதி. அடிக்கும் முன் வாள்முனையைப் பின்பக்கம் கொண்டுபோக வேண்டும். இல்லையேல் புள்ளி கிடையாது. வீச்சு பெரிதாக இருந்தால் பார்ப்பவருக்குக் காட்சி நன்றாக இருக்கும், உண்மைதான். ஆனால் ‘ஃபாயில்’, ‘எப்பே’ வாள்களில் குத்து மட்டுமே செல்லும். எதிராளி சுதாரிக்கும் முன் முனையை நேராகச் செலுத்துவதே அங்கு திறமை. வாளைப் பின்னால் ஓங்குபவர் அதற்குள் குத்துப்பட்டிருப்பார்!

ஆயினும் வாள்வீச்சும் மாறாமல் இருந்ததில்லை. 1896 ஒலிம்பிக்கில் நடுவர்களின் கண்ணே தீர்ப்பளித்தது. 1936-இல் ‘எப்பே’ வாளுக்கும் 1956-இல் ‘ஃபாயில்’ வாளுக்கும் ஒலிம்பிக்கில் மின்கருவி வந்தது. அந்த மாற்றம், குத்து பட்டதா இல்லையா என்பதைத் துல்லியமாக்கியது.

ஆகவே, புதியது என்பதற்காக ஒன்றை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அதன் விதி வளர்ப்பது திறமையையா, வேடிக்கையையா என்று கேட்பதே முறை.